செயற்கை நுண்ணறிவு யந்திரங்களும் விவசாயியின் வரவு செலவும்

செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் இப்பொழுது தாலுகா அலுவலகம் முதல் டீக்கடை வரையில் வழங்கி வருகிறது. இதனால் விளைச்சல் இரட்டிக்கும் என்பாரும் உளர். இனி வேலைக்கு ஆளே வேண்டியிராது என்பாரும் உளர். நிலமுடைய குடியானவர்கள் இவ்விரு பேச்சுகளையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு புதிய வித்து அல்லது புதிய உரம் வந்தால் எவ்விதம் விசாரிப்பார்களோ அவ்விதமே இதனையும் விசாரிப்பது நலம். இதனால் மிச்சமாவது எது, அந்த மிச்சம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். முதற் கேள்விக்கு விடை கூற, யந்திரம் விற்பவர்கள் பலர் ஆயத்தமாயிருக்கின்றனர். இரண்டாவதைக் கேட்போர் சிலரேயாதலால், அதனையே இங்கு விரித்துக் கூறுவோம்.

யந்திரத்தின் தன்மை

இந்த யந்திரம் மனிதனைப் போல் யோசிக்கிறது என்பது பேச்சு வழக்கேயன்றி வேறன்று. நடந்த சங்கதிகளின் குறிப்புகளையும் படங்களையும் லட்சக்கணக்கில் கணினிக்குக் கொடுத்து, அவற்றில் அமைந்துள்ள ஒழுங்கை அதுவே கண்டுகொள்ளும்படி செய்வதுதான் இதன் சூட்சுமம். புகையான் தாக்கிய நெற்பயிரின் படங்கள் பல்லாயிரமும், தாக்காத பயிரின் படங்கள் பல்லாயிரமும் காட்டப்பெற்ற யந்திரம், பின்னர்ப் புதிய படம் ஒன்றைக் கண்டவுடன் அது இன்ன வகையைச் சேர்ந்தது என்று ஊகித்துச் சொல்லும். தனக்குக் காட்டப்படாத வியாதி ஒன்றைக் கண்டாலும், தெரியாது என்று சொல்லாமல், தெரிந்த வியாதி ஒன்றின் பெயரைத் துணிந்து சொல்லிவிடக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

முன்னாளைய யந்திரங்கள் மனிதனுடைய தோளுக்கும் கைக்கும் பதிலாக வந்தவை. டிராக்டரும் பம்பு செட்டும் கதிர் அறுக்கும் யந்திரமும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இப்பொழுது வந்திருப்பது கண்ணுக்கும் கணக்குக்கும் பதிலானது. களையையும் பயிரையும் பிரித்தறிதல், காயைத் தரம் பிரித்தல், மழை வரும் நாளை மதிப்பிடுதல், மனு எழுதுதல், தொலைபேசியில் விசாரிப்போருக்கு விடை சொல்லுதல் முதலிய காரியங்களில் இது புகுந்திருக்கிறது.

உற்பத்தித் திறன் என்பதிலும் இரண்டு வகையுண்டு. ஓர் ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பது ஒன்று. ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு விளைந்தது என்பது மற்றொன்று. கதிர் அறுக்கும் யந்திரம் நின்ற பயிரின் விளைச்சலை ஒரு மரக்கால்கூட உயர்த்துவதில்லை; ஆட்கணக்கைத்தான் குறைக்கிறது. நல்ல வித்து ஆட்கணக்கைக் குறைப்பதில்லை; ஏக்கர் மகசூலை உயர்த்துகிறது. செயற்கை நுண்ணறிவு என்ற ஒரே பெயரால் இவ்விரு வகைக் கருவிகளும் விற்கப்படுகின்றமையால், வாங்குவோர் இதனை முதலிலேயே பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆள் தட்டுப்பாடு இல்லாத ஊரில் ஆளை மிச்சப்படுத்தும் கருவிக்குப் பணம் கொடுப்பதும், தண்ணீர் இல்லாத ஊரில் மகசூலைப் பெருக்கும் ஆலோசனைக்குப் பணம் கொடுப்பதும் ஒன்றுபோலவே வீண்.

கலிபோர்னியாவில் நடந்தது

மனிதனுடைய கண்ணுக்குப் பதிலாக வயலில் யந்திரம் வருவது இது முதல் தடவையன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துத் தக்காளிச் சாகுபடியில் அது நடந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பலன் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட காரியமாதலால், நாம் படிப்பினை பெறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

டப்பாவில் அடைப்பதற்கான தக்காளி அந்த மாகாணத்தில் ஏராளமாய் விளைகிறது. 1942 முதல் 1964 முடிய, இரு நாடுகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்த கூலியாட்கள் அங்கு வயல் வேலை செய்து வந்தனர். தக்காளி பறித்தவர்களிலும் பெரும்பாலோர் அவர்களே. இதனிடையே, டேவிஸ் நகரத்திலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹானா என்னும் பயிர் இன விருத்தி நிபுணரும், கோபி லாரன்சன் என்னும் யந்திர நிபுணரும் கூடி ஒரு காரியத்தில் இறங்கினர். யந்திரம் பறிப்பதற்கு ஏற்ற தக்காளியை ஒருவர் உண்டாக்க, தக்காளியைப் பறிப்பதற்கு ஏற்ற யந்திரத்தை மற்றவர் உண்டாக்கினார். காய்கள் ஏறக்குறைய ஏககாலத்தில் பழுக்க வேண்டும். செடியை உலுக்கும்போது நசுங்கலாகாது. இவ்விரண்டுக்காகவும் ருசியில் சிறிது விட்டுக்கொடுக்கப்பட்டது. யந்திரம் செடியை அடியோடு வெட்டி, மேலே ஏற்றி, உலுக்கிக் காயை உதிர்க்கும். யந்திரத்தின்மேல் இரு பக்கமும் நின்று செல்லும் வேலையாட்கள், பெரும்பாலும் பெண்கள், பச்சைக் காயையும் மண்ணாங்கட்டியையும் பொறுக்கி எறிவர்.

1960-களின் தொடக்கத்தில் மிகச் சிலரே இந்த யந்திரத்தை வாங்கினர். 1964 இறுதியில் மெக்ஸிகோ ஒப்பந்தம் முடிந்து ஆள் வரவு நின்றவுடன் நிலைமை தலைகீழாயிற்று. 1970 வருவதற்குள் டப்பாத் தக்காளி ஏறக்குறைய முழுவதும் யந்திரத்தாலேயே அறுவடையாயிற்று. கையால் பறிப்பதைவிட டன்னுக்கு 5 முதல் 7 டாலர் வரையில் செலவு குறைந்தது. சாகுபடியும் குன்றவில்லை, பெருகியது. யந்திரம் வராதிருந்தால் தக்காளித் தொழிலே மெக்ஸிகோவுக்குப் போயிருக்கும் என்று அந்நாட்டுச் சாகுபடியாளர்கள் வாதிப்பதுண்டு. அவ்வாதத்தில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆயினும் மற்றொரு கணக்கும் இருக்கிறது. யந்திரம் ஒன்றின் விலை 50,000 டாலருக்கு மேல் சென்றது. சிறிய நிலத்தில் அதனை ஓட்டிக் கட்டுப்படியாகாது. 1960-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 4,000 பேர் தக்காளி பயிரிட்டனர். 1973-இல் சுமார் 600 பேரே எஞ்சினர். மீதிப் பேர் சோம்பேறிகளல்லர், விவசாயம் அறியாதவர்களுமல்லர். அவர்களுடைய நிலம் யந்திரத்துக்குப் போதவில்லை, அவ்வளவே. கூலியாட்களில் 1970-களின் இறுதிக்குள் ஏறக்குறைய 32,000 பேருக்கு வேலை போயிற்று என்று மதிப்பிடப்பட்டது. நடு 1970-களில் காயின் நிறத்தை ஒளியால் அறிந்து பச்சைக் காயைத் தானே தள்ளிவிடும் மின்னணுக் கருவி வந்தது. முதல் யந்திரம் கைகளை அகற்றியது. இரண்டாவது கருவி, யந்திரத்தின்மேல் நின்றிருந்த பெண்களின் கண்களையும் அகற்றியது. பொதுப் பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகம் பெருநிலக்காரர்களுக்கு மட்டும் பயன்படும் ஆராய்ச்சி செய்யலாமா என்று 1979-இல் வழக்கும் தொடரப்பட்டது. பல ஆண்டுகள் நடந்து முடிவில் அது பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகவே தீர்ந்தது.

வேலை போனது கூலியாட்களுக்கு மட்டுமன்று என்பதை நிலமுடைய நம் வாசகர்கள் இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும். பத்துச் சாகுபடியாளர்களில் எண்மருக்கு மேல் அத்தொழிலை விட்டு விலகினர்.

முந்தினவர் லாபம், பிந்தினவர் நஷ்டம்

இது ஏன் நேரிடுகிறது என்பதை வில்லார்டு காக்ரேன் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1958-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். புதிய முறையை முதலில் கைக்கொள்ளும் சிலருக்குச் செலவு குறைகிறது. விலையோ பழைய விலையே. ஆகையால் நல்ல லாபம். அதைக் கண்டு மற்றவரும் கைக்கொள்ளுகின்றனர். சரக்கு பெருகி விலை இறங்குகிறது. அப்பொழுது புதிய முறையைக் கைக்கொண்டவர் பழைய நிலைக்கே வந்து சேருகிறார், கைக்கொள்ளாதவர் நஷ்டமடைகிறார். எவ்வளவு வேகமாய் ஏறி மிதித்தாலும் மிதிப்பவனை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கும் மிதிசக்கரத்துக்கு அவர் இதனை ஒப்பிட்டார். கடைசி லாபம் காய் வாங்கித் தின்பவருக்கும், யந்திரம் செய்து விற்பவருக்கும் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழ்க்கண்ட தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே. அவரவர் தம் ஊர்த் தொகைகளை இட்டுக்கொள்ளலாம். யந்திரத்தின் விலை ரூ. 6,00,000, ஆறு ஆண்டு உழைக்கும், ஆகவே ஆண்டுக்கு ரூ. 1,00,000. பழுது, எண்ணெய், ஓட்டுபவர் சம்பளம் ரூ. 40,000. மொத்தம் ரூ. 1,40,000. யந்திரத்தால் போகம் ஒன்றுக்கு ஏக்கருக்கு ரூ. 3,500 கூலி மிச்சமாவதாகவும், ஆண்டுக்கு இரண்டு போகம் என்றும் கொண்டால், ஏக்கருக்கு ரூ. 7,000 மிச்சம். எனவே 20 ஏக்கர் உள்ளவருக்குத்தான் முதல் தேறும். கடன் வட்டியைச் சேர்த்தால் அதற்கும் மேல் வேண்டும். இரண்டு ஏக்கர் உள்ளவர் போகத்துக்கு ஏக்கருக்கு ரூ. 1,500 கொடுத்து யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தினால் அவருக்கு ரூ. 2,000 நிற்கும். இதுவரை சந்தோஷமே. ஊரெல்லாம் இதனைச் செய்து, ஏக்கருக்கு 25 குவிண்டால் விளையும் அப்பயிரின் விலை குவிண்டாலுக்கு ரூ. 100 இறங்குமானால், ஏக்கருக்கு ரூ. 2,500 வரவு குறைகிறது. யந்திரத்தை அமர்த்தியவருக்கு ரூ. 500 நஷ்டம், அமர்த்தாதவருக்கு ரூ. 2,500 நஷ்டம். இக்காரணத்தாலேயே, லாபம் இல்லையென்று தெரிந்த பின்பும் ஒருவராலும் யந்திரத்தை விடமுடிவதில்லை.

எல்லாப் பயிருக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. மிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம் போன்று சந்தையின் வரத்தைப் பொறுத்து விலை ஏறி இறங்கும் சரக்குகளில் மேற்சொன்னது சீக்கிரமே நடக்கும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அரசு விலைக்குப் போடும் நெல்லில், ஊரில் செலவு குறைந்ததனால் மட்டும் விலை இறங்குவதில்லை. அங்கு மிச்சம் வேறு வழியில் போகிறது. குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்வோர் செலவு குறைந்தது என்று தெரிந்தால், அடுத்த ஒப்பந்தத்தில் குத்தகை உயர்ந்துவிடும். நிலத்தின் விலையும் ஏறும். நிலமுடையவருக்கு இது அனுகூலமே. பயிரிடுபவர் வேறு, நிலமுடையவர் வேறாக உள்ள ஊர்களில், யந்திரத்தின் பலன் உழுதவரிடம் தங்குவதில்லை என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இப்பொழுது வந்துள்ள கருவிகளில் மற்றொரு புதுமையும் உண்டு. பழைய கலப்பையை வாங்கினால் அது வாங்கினவருடையது. அமெரிக்காவில் ஜான் டியர் கம்பெனியார் 2017-இல் 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஒரு சிறிய கம்பெனியை வாங்கி, களையைக் கண்டறிந்து களையின்மேல் மட்டும் மருந்து தெளிக்கும் யந்திரத்தை விருத்தி செய்தனர். தெளிப்பானின் நீண்ட கைகளில் 36 காமிராக்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 2024-இல் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் இது ஓடியதாகவும், களைக்கொல்லிக் கரைசலில் சராசரி 100-க்கு 59 பங்கு மிச்சமானதாகவும் அக்கம்பெனியாரே தெரிவித்துள்ளனர். மருந்து மிச்சமாவது மண்ணுக்கும் பைக்கும் நல்லதே. ஆனால் யந்திரத்தின் விலைக்கு மேல், ஓட்டிய ஏக்கர்களைக் கணக்கிட்டு உபயோகக் கட்டணமும் வாங்கும் வழக்கம் இதில் வந்துவிட்டது. இக்கம்பெனியின் யந்திரங்களைச் சொந்தக்காரரும் வெளி மெக்கானிக்கும் பழுது பார்க்க முடியாதபடி மென்பொருள் தடுக்கிறது என்று, 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்கும் தொடர்ந்திருக்கிறது. மிச்சம் எவ்வளவு என்பதை யந்திரமே அளந்து, கம்பெனிக்குத் தெரிவித்து, கம்பெனி அதற்கேற்பக் கட்டணம் விதிக்கக்கூடுமானால், மிச்சத்தில் குடியானவருக்கு எவ்வளவு விட்டு வைப்பது என்பதும் கம்பெனியின் இஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

கூலியாட்களும் பட்டணத்து வேலையும்

காவிரிப் படுகையில் பெல்ட் வண்டி வந்த பின்னர் அறுப்புக்கு ஆள் கூப்பிடும் வழக்கம் எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை நாம் கண்ணால் கண்டோம். அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கிடைத்த கூலி, பல குடும்பங்களுக்குச் சில மாதச் சாப்பாடாக இருந்தது, அது நின்றது. அதே சமயத்தில், அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் கதிர் சாய்ந்து மழையில் முளைத்துப் போகும் நஷ்டமும் குறைந்தது. இவ்விரண்டும் உண்மை. களை எடுப்பில் யந்திரக் கண் நம் ஊர்களில் பரவுமானால், அடுத்தபடி குறைவது பெரும்பாலும் பெண்களின் வேலைநாட்களே.

யந்திரம் வந்தால் வயலை விட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போவார்கள், எல்லாம் சரியாய்விடும் என்று சொல்லுவதுண்டு. அமெரிக்காவில் 1900-இல் உழைப்போரில் 100-க்கு 40 பேர் அளவில் விவசாயத்தில் இருந்தனர். 2000-இல் ஏறக்குறைய இருவரே. அம்மாறுதலுக்கு நூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் ஆட்களை ஏற்றுக்கொண்டன. இப்பொழுது நிலைமை அவ்வளவு எளிதன்று. நம் கிராமங்களில் பல குடும்பங்கள் ஒரு காலை நிலத்திலும் மறு காலைச் சென்னை அல்லது கோயம்புத்தூரில் மகனோ மகளோ பார்க்கும் கணினி வேலையிலும் ஊன்றி நிற்கின்றன. புதிய யந்திரமோ அந்த மறு காலையே முதலில் தொடுகிறது.

இதைப் பற்றி அமெரிக்காவில் நடந்த சில ஆராய்ச்சிகளை அறிவது நலம். ஒரு மென்பொருள் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு விடை சொல்லும் 5,000 பேர் அளவிலான ஊழியர்களைக் கவனித்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், யந்திரத் துணையால் மணிக்கு முடிக்கும் வேலை சராசரி 100-க்கு 14 வீதம் உயர்ந்தது. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு 100-க்கு 34 வரை உயர்ந்தது; நெடுநாள் பழகியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் உயரவில்லை. கெட்டிக்காரர்களின் வழிமுறைகளை யந்திரம் கற்றுக்கொண்டு புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்பதே இதன் காரணம். இதனால் கற்றுக்குட்டிக்கு நன்மை என்று தோன்றலாம். ஆனால் 2025-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, யந்திரம் அதிகம் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையுள்ளோரின் வேலை வாய்ப்பு, மற்றவரோடு ஒப்பிடுமிடத்து, 2022 இறுதியிலிருந்து 100-க்கு 13 வீதம் குறைந்திருப்பதாகக் காட்டிற்று. கற்றுக்குட்டியின் வேலையை யந்திரமே செய்யுமாகில் கற்றுக்குட்டியை ஏன் அமர்த்த வேண்டும் என்று முதலாளிகள் எண்ணுவார்கள் போலும். படிப்புக்காக நிலத்தை அடமானம் வைக்குமுன் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தேசத்தின் மொத்த வருமானம் எவ்வளவு உயரும் என்பதில் அறிஞர்களுக்குள்ளே ஒற்றுமை இல்லை. கோல்ட்மன் சாக்ஸ் என்னும் முதலீட்டு வங்கியார் பத்தாண்டில் உலக வருமானம் 100-க்கு 7 உயரும் என 2023-இல் மதிப்பிட்டனர். 2024-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான டேரன் அசெமொக்லு, இதனால் அமெரிக்காவின் உற்பத்தித் திறன் பத்தாண்டில் 100-க்கு ஒன்றுகூட உயராது என்று கணக்கிட்டார். இவ்வளவு பேதம் இருக்கையில், யாரேனும் ஒருவர் எண் ஒன்றைச் சொல்லி நிச்சயம் என்றால் நம்பவேண்டியதில்லை.

சிறு நிலக்காரருக்கு உதவுவது எது?

தக்காளி யந்திரத்தின் தீமை, அது பெரிய நிலத்தை வேண்டியதில் இருந்தது. அறிவுக் கருவிகளில் சில அப்படிப்பட்டவையல்ல. மழை எப்பொழுது வரும் என்னும் செய்தி, இரண்டு ஏக்கர்காரருக்கும் இருநூறு ஏக்கர்காரருக்கும் ஒரே செலவில் போய்ச் சேரும். 2025-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர், செயற்கை நுண்ணறிவால் கணித்த மழைத் தொடக்க முன்னறிவிப்பை மத்திய விவசாய அமைச்சகத்தார் 13 மாநிலங்களில் ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் விவசாயிகளின் கைப்பேசிக்கு அனுப்பினர். அவ்வாண்டு பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தொடங்கி, பின்னர் வடக்கே செல்லாமல் இடையில் பல நாட்கள் நின்றுவிட்டது. அந்த நிறுத்தத்தையும் முன்கூட்டிக் கண்டு சொன்னதாக அமைச்சகத்தார் தெரிவித்தனர். முதல் மழையை நம்பி விதைத்து, முளை கருகி, மறுபடி வித்து வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இச்செய்தியின் விலை தெரியும்.

தெலங்கானாவில் 250 கிராமங்களில் மழை முன்னறிவிப்பைச் சில ஊர்களுக்குக் கொடுத்தும் சில ஊர்களுக்குக் கொடாமலும் பரீட்சித்ததில், மழை பிந்தும் என அறிந்தவர்கள் சாகுபடிப் பரப்பை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தனர். மழை நன்றாயிருக்கும் என அறிந்தவர்கள் வித்து, உரம் முதலியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு அதிகமாய்ச் செலவிட்டனர். இங்கே ஒருவர் வேலையையும் யந்திரம் எடுத்துக்கொள்ளவில்லை. தவறான இடத்தில் விழவிருந்த முதலைச் சரியான இடத்தில் விழச் செய்தது, அவ்வளவே. நம் மாநிலத்துக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. அம்மழை புயலோடு சேர்ந்து வருவதாதலால், தென்மேற்குப் பருவத்துக்குத் தேறிய கணக்கு சம்பாவுக்கும் தேறும் என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

தெலங்கானாவைச் சேர்ந்த கம்மம் ஜில்லாவில் சுமார் 7,000 மிளகாய் விவசாயிகளுக்குக் கைப்பேசி வழி ஆலோசனை, மண் பரிசோதனை, காயின் தரத்தை யந்திரத்தால் அளத்தல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்த திட்டத்தில், ஏக்கர் மகசூல் 100-க்கு 21 உயர்ந்ததாகவும், பூச்சிமருந்து 9 வீதமும் உரம் 5 வீதமும் குறைந்ததாகவும், விலை 8 வீதம் கூடுதலாய்க் கிடைத்ததாகவும் அறிக்கை கூறுகிறது. இது திட்டத்தை நடத்தியவர்கள் தந்த கணக்கு. பலன் பாதியாயினும் நல்லதே. ஆயினும் 7,000 பேருக்குக் கிடைத்த 21 வீதம், மிளகாய் பயிரிடுவோர் எல்லாருக்கும் கிடைத்தால் என்னவாகும்? 2025 பிப்ரவரியில், வேறு காரணங்களால், மிளகாய் விலை மிகவும் விழுந்து, ஆந்திர விவசாயிகளுக்காகக் குவிண்டாலுக்கு ரூ. 11,781 என்று மத்திய அரசு தலையிட்டு விலை நிர்ணயிக்க நேர்ந்தது. சந்தை நிரம்பினால் கெட்டிக்காரனுடைய சரக்கும் அதே விலைக்குத்தான் போகும். எனவே மகசூலைப் பெருக்கும் ஆலோசனையைவிட, செலவைக் குறைக்கும் ஆலோசனையும், தரத்தை எடைக்கு முன் அளந்து காட்டித் தரகரிடம் வாதாட உதவும் கருவியுமே சிறு விவசாயிக்கு நிலைத்த பயன் தருவன என்பது நம் அபிப்பிராயம்.

பரீட்சை செய்யும் முறை

கருவி எதுவாயினும், நிலம் முழுவதையும் ஒரே தடவையில் அதற்கு ஒப்புவிக்கலாகாது. ஒரே மண், ஒரே பாய்ச்சல் உள்ள இரண்டு வயல்களை எடுத்து, ஒன்றில் ஆலோசனைப்படியும் மற்றொன்றில் வழக்கப்படியும் சாகுபடி செய்து, இரண்டின் செலவையும் எடையையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் மனத்தால் மதிப்பிடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2025-இல் அனுபவமிக்க மென்பொருள் நிபுணர்கள் 16 பேரை வைத்துச் செய்த பரீட்சையில், யந்திரத் துணையால் தங்கள் வேலை 100-க்கு 20 வீதம் விரைந்ததாக அவர்கள் கருதினர், கடிகாரம் காட்டியதோ, 19 வீதம் தாமதம். கணினி அறிந்தவர்களே இவ்வாறு ஏமாறுவார்களாயின், விற்பனைக்காரர் பேச்சைக் கேட்டு மதிப்பிடுவோர் நிலை என்ன?

விலையுயர்ந்த யந்திரத்தைத் தனி ஒருவர் கடன்பட்டு வாங்குவதினும், உழவர் உற்பத்தியாளர் கம்பெனி அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வாங்கி முறை வைத்து ஓட்டுவது மேல். கலிபோர்னியாவில் விலகிய சிறு நிலக்காரர்கள் கூட்டாக யந்திரம் வாங்கியிருப்பின் சிலராவது நிலைத்திருக்கக்கூடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஆண்டுக் கட்டணம் பின்னால் உயர்த்தப்படுமா, பழுது நீக்கத் தாலுகாவில் ஆள் உண்டா, நம் வயலின் விவரங்கள் யாருக்குக் கொடுக்கப்படும் என்பவற்றைத் தமிழில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். விளைச்சல் எவ்வளவு என்று அறுவடைக்கு முன்னரே வியாபாரி அறிந்துகொள்வானாயின் பேரம் யார் பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு

பயிர்க் கணக்கைக் கைப்பேசியில் படத்துடன் பதியும் முறையும், விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் முறையும் வந்துவிட்டன. இப்பதிவுகளே நாளை யந்திரம் கற்கும் பாடம். அடங்கலில் வயலுக்குப் போகாமல் சென்ற ஆண்டுப் பயிரையே இந்த ஆண்டும் எழுதிவிட்டால், முன்பு அது ஒரு காகிதத்தோடு நின்றது. இனி அதனைக் கொண்டு யந்திரம் வட்டாரம் முழுமைக்கும் உரத் தேவையையும் காப்பீட்டு இழப்பையும் கணிக்கும். பிழை ஓரிடத்தில் நில்லாது.

எழுத்து வேலையில் யந்திரம் புகுவதால் அலுவலர்களின் வேலைக்கு ஆபத்தோ என்று அஞ்சுவோர் சிலர். நகல் எடுப்பதும் பட்டியல் தயாரிப்பதும் குறையக்கூடும். வரப்புத் தகராறில் நேரில் நின்று பார்ப்பதும், வெள்ளத்தில் மூழ்கிய வயல் எது, மூழ்காத வயல் எது என்று சாட்சி சொல்லுவதும் குறையா. யந்திரத்தின் மதிப்பீட்டை மறுத்துக் குடியானவர் மனுக் கொடுத்தால், அதனை விசாரித்துத் திருத்த வேண்டிய கடமையும் புதிதாகச் சேருகிறது.

முக்கியமானது மற்றொன்று. பட்டாவில் உள்ள பெயர் ஒன்று, வயலில் இறங்கிச் சாகுபடி செய்பவர் பெயர் வேறு என்பது பல ஊர்களில் உள்ள நிலைமை. யந்திரத்துக்குத் தெரிவது பதிவிலுள்ள பெயரே. மழைச் செய்தி, பூச்சி எச்சரிக்கை, இழப்பீடு யாவும் அப்பெயருக்கே போகும். பட்டாதாரர் வெளியூரில் குடியிருந்தால் செய்தி அவருடைய கைப்பேசியிலேயே கிடக்கும். குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், வாய்மொழிக் குத்தகைகள் பல பதிவாகாமலே நடக்கின்றன. நிலமுடையோர் இதில் ஐயுறவு கொள்ளுவது இயல்பே. ஆயினும் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்காமல் பயிர் அழிந்தால், குத்தகைப் பாக்கியாக அந்த நஷ்டத்தில் ஒரு பகுதி அவர்களிடமே வந்து சேரும். ஆகவே, அடுத்த பயிர்க் கணக்கு எடுக்கும்போது, பட்டாதாரர் சம்மதத்துடன் சாகுபடி செய்பவரின் கைப்பேசி எண்ணையாவது ஆலோசனைச் செய்திகளுக்காகத் தனியே குறித்து, விவசாய விரிவாக்க மையத்துக்கு அனுப்பி வைக்கலாம்.